மனச்சோர்வு மருந்தை நிறுத்திய பின் வரும் அசதி: காத்திருப்பதா, மருந்துக்குத் திரும்புவதா, வேறு காரணம் தேடுவதா?

மனச்சோர்வுக்கான மருந்தைப் பல மாதங்களோ ஆண்டுகளோ எடுத்துக்கொண்டு பிறகு நிறுத்தியவர்களில் பலர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். மனம் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. உடம்புதான் எழுந்திருக்க மறுக்கிறது. பத்து மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கியதாகத் தோன்றுவதில்லை, நான்கு படி ஏறினால் கால் கனக்கிறது, இரண்டு பத்தி படிப்பதற்குள் கவனம் நழுவிவிடுகிறது. இது தானாகப் போய்விடும் என்று பொறுத்திருக்கச் சொல்கிறார் ஒருவர். மாத்திரையை மறுபடி தொடங்கச் சொல்கிறார் இன்னொருவர். இரத்தப் பரிசோதனை செய்து பார் என்கிறார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் சரியாக இருக்கலாம் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

இந்தக் குழப்பத்துக்கு நம் மொழியும் கொஞ்சம் துணைபோகிறது. நோயின் பெயர் மனச்சோர்வு. உடம்பு ஓய்ந்துபோவதற்கும் சோர்வு என்றே பெயர். "சோர்வாக இருக்கிறது" என்று மருத்துவரிடம் சொன்னால், சொன்னவர் உடம்பைச் சொல்லியிருப்பார், கேட்டவர் மனத்தை எண்ணிக்கொண்டிருப்பார். ஆகவே இந்தக் கட்டுரையில் நோயை மனச்சோர்வு என்றும் உடம்பின் தளர்ச்சியை அசதி என்றும் பிரித்தே எழுதுகிறேன். மருத்துவரிடம் பேசும்போதும் இப்படிப் பிரித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் ஒரு விலக்கு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது, உணவும் நீரும் இறங்கவில்லை, அல்லது தூக்கமே தேவையில்லாத அளவுக்குப் பரபரப்பு ஏறிவிட்டது என்றால், கீழே உள்ள எதையும் எடைபோட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன். என் பார்வையில் அவற்றுள் மிக முக்கியமானது நாள்காட்டி. அசதி எவ்வளவு கடுமையானது என்பதைவிட அது எப்போது தொடங்கியது, எந்தத் திசையில் போகிறது என்பவையே அதிகம் சொல்லும்.

தொடங்கிய நாளைப் புரிந்துகொள்ள, எடுத்த மருந்து உடலில் எவ்வளவு காலம் தங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். மனச்சோர்வு மருந்துகளில் வென்லாஃபாக்ஸினுக்கு அது ஏறத்தாழ 5 மணி நேரம். உடலுக்குள் அது மாறி உருவாகும் செயல்படு பொருளுக்கு 11 மணி நேரம். பராக்ஸெட்டினுக்கு ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவு. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் ஆகியவற்றுக்கு ஒரு நாளுக்குச் சற்று மேல். ஃபுளுவாக்ஸெட்டினோ தொடர்ந்து எடுத்தவர்களின் உடலில் நாள்கணக்கில் தங்குகிறது. அதன் செயல்படு பொருள் வெளியேறி முடிய வாரக்கணக்கில் ஆகும். ஆகவே வென்லாஃபாக்ஸினை நிறுத்தியவருக்கு மறுநாளே தலை கனக்கலாம். ஃபுளுவாக்ஸெட்டினை நிறுத்தியவருக்கு ஒரு மாதம் கழித்து அசதி வரலாம். அதற்குள் அவர் மாத்திரையையே மறந்திருப்பார், இரண்டையும் முடிச்சுப்போட அவருக்குத் தோன்றாது.

இரண்டாவது அளவுகோல், அசதியோடு சேர்ந்து வருபவை. தலைசுற்றல், குமட்டல், மிகத் தெளிவான கனவுகள், எரிச்சல், தலையைத் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்று ஓர் அதிர்வு ஆகியவை மருந்து விலகலின், அதாவது மருந்தைக் குறைத்ததாலோ நிறுத்தியதாலோ உடலில் எழும் எதிர்வினையின், அடையாளங்கள். அந்தச் சுரீர் அதிர்வு மனச்சோர்வு நோயில் வழக்கமாக வருவதில்லை என்பதால், அது இருந்தால் ஐயம் பெருமளவு தீர்ந்துவிடும். மூன்றாவது, எத்தனை காலம் எடுத்தீர்கள், எவ்வளவு வேகமாக நிறுத்தினீர்கள் என்பது. நான்காவதைப் பலரும் கேட்டுக்கொள்வதில்லை: நான் எடுக்கும் முடிவு தவறாக இருந்தால் எனக்கு என்ன இழப்பு?

இந்த அளவுகோல்களைக் கொண்டு பார்த்தால், வெளியே ஒரே மாதிரித் தெரியும் அசதி மூன்றாகப் பிரிகிறது.

| | மருந்து விலகலால் | மனச்சோர்வு திரும்புவதால் | வேறு உடல் காரணத்தால் |
|---|---|---|---|
| தொடக்கம் | அளவைக் குறைத்த அல்லது நிறுத்திய சில நாள்களில் (ஃபுளுவாக்ஸெட்டின் என்றால் வாரங்களில்) | பெரும்பாலும் பல வாரங்கள், மாதங்கள் கழித்து, மெல்ல மெல்ல | நிறுத்திய நாளோடு தொடர்பில்லாமல். சில சமயம் அதற்கு முன்பே |
| போக்கு | ஏறி இறங்கும். மொத்தத்தில் தணியும் | வாரத்துக்கு வாரம் ஆழமாகும் | ஒரே நிலையில் இருக்கும் அல்லது கூடும் |
| துணை அறிகுறிகள் | தலைசுற்றல், சுரீர் அதிர்வு, குமட்டல், கனவுகள் | எதிலும் நாட்டமின்மை, குற்றவுணர்வு, நம்பிக்கையின்மை | மூச்சிரைப்பு, எடை மாற்றம், குளிர் தாங்காமை, குறட்டை |
| மருந்தை மறுபடி கொடுத்தால் | பெரும்பாலும் சில நாள்களில் தணியும் | வாரங்கள் பிடிக்கும் | மாற்றம் இராது |

அட்டவணையில் கோடுகள் நேராக இருக்கின்றன. வாழ்க்கையில் அப்படி இருப்பதில்லை. விலகலும் இரத்தச்சோகையும் ஒரே உடம்பில் ஒரே மாதத்தில் இருக்கலாம். ஆனாலும் அட்டவணையின் எந்த நெடுவரிசையில் உங்கள் அறிகுறிகள் அதிகம் விழுகின்றன என்று பார்ப்பது, எந்த வழியை முதலில் முயல்வது என்பதைச் சொல்லிவிடும்.

## வழி ஒன்று: பொறுத்திருப்பது

நிறுத்திய எல்லோரும் துன்பப்படுவதில்லை. 2024இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, மருந்தை நிறுத்தியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு விலகல் அறிகுறி இருந்ததாகவும், வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 விழுக்காட்டினர் அதையே சொன்னதாகவும் கணக்கிட்டது. கடுமையான அறிகுறிகள் ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்கு வந்தன. இந்தக் கணக்கைப் பற்றி வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நெடுங்காலம் எடுத்தவர்கள் இத்தகைய ஆய்வுகளில் குறைவு என்பது முக்கியமான மறுப்பு. எப்படியிருந்தாலும், லேசான அசதி பலருக்கு ஓரிரு வாரங்களில் தானே தணிகிறது என்பதால், காத்திருப்பது சோம்பேறித்தனமான வழி ஆகாது.

நிறுத்தி இன்னும் நான்கு வாரம் ஆகவில்லை, அன்றாட வேலை தட்டுத் தடுமாறியாவது நடக்கிறது, போன வாரத்தைவிட இந்த வாரம் சற்றுப் பரவாயில்லை என்றால் இதுவே சிறந்த வழி. நாள்தோறும் ஒரே நேரத்தில் அசதிக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போட்டு எழுதி வைப்பது அவசியம். விலகல் அசதி அலைபோல வருவது. மோசமான ஒரு செவ்வாய்க்கிழமை, நன்றாக இருந்த முந்தைய ஐந்து நாள்களையும் நினைவிலிருந்து அழித்துவிடும்.

இந்த வழியின் மறைந்திருக்கும் விலை, அதற்கு முடிவு நாள் இல்லாததுதான். "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்று சொல்லிச் சொல்லியே சிலர் நான்கு மாதம் கடத்திவிடுகிறார்கள். அந்த நான்கு மாதத்தில் வேலை கெடுகிறது, வீட்டில் உரசல் வருகிறது, நடமாட்டம் குறைந்து உடம்பின் தாங்குதிறனும் குறைகிறது. கடைசியில் அசதிக்கு அதுவே தனிக் காரணமாகிவிடுகிறது. மனச்சோர்வு உண்மையிலேயே திரும்பிக்கொண்டிருந்தால், அதைத் தொடக்கத்தில் பிடிக்கும் வாய்ப்பும் போய்விடுகிறது. ஆகவே காத்திருப்பதென்று முடிவுசெய்த அன்றே, எந்தத் தேதி வரை என்பதையும் எழுதிவிட வேண்டும். தலைசுற்றல் இருக்கும் வரை வண்டி ஓட்டுவதையும் ஏணி ஏறுவதையும் தவிர்ப்பது இதன் இன்னொரு செலவு.

## வழி இரண்டு: முந்தைய அளவுக்குத் திரும்பி, மெதுவாக இறங்குவது

திடீரென நிறுத்தியவர்களுக்கும், இரண்டு வாரத்தில் அவசரமாகக் குறைத்தவர்களுக்கும், அசதி நாளுக்கு நாள் கூடுபவர்களுக்கும் நான் முதலில் கருதச் சொல்வது இந்த வழியைத்தான். பலர் இதைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள். மறுபடி மாத்திரையைத் தொட்டால் அடிமையாகிவிட்டதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. இந்த மருந்துகளுக்கு உடல் பழகிக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் போதைப்பொருளுக்கு ஏங்குவது போன்ற ஏக்கம் இதில் இல்லை. மூன்று படிகளை ஒரேயடியாகத் தாண்டிக் கால் பிசகியவர் மறுபடி மேலே ஏறி ஒவ்வொரு படியாக இறங்குவதில் தோல்வி எங்கே இருக்கிறது?

ஏன் மெதுவாக இறங்க வேண்டும் என்பதற்கு நல்ல விளக்கம் ஒன்று உண்டு. இந்த மருந்துகளில் பெரும்பாலானவை, செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தை மூளையில் தடுத்து வேலை செய்கின்றன. மருந்தின் அளவும் இந்தத் தடுப்பும் நேர்க்கோட்டில் நகர்வதில்லை. சிட்டலோபிராமை எடுத்துக்கொண்டால், 40 மில்லிகிராமில் தடுப்பு ஏறத்தாழ 86 விழுக்காடு. 20 மில்லிகிராமிலும் அது 80க்குக் குறைவதில்லை. அதை 50 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால் 3.4 மில்லிகிராமுக்கு இறங்க வேண்டும். 20 விழுக்காட்டுக்கு 0.8 மில்லிகிராம் போதும். அதாவது 40இலிருந்து 20க்கு வருபவருக்கு மூளையில் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. "பாதியைக் குறைத்தேனே, ஒன்றும் ஆகவில்லையே" என்ற தெம்பில் மீதிப் பாதியையும் விட்டுவிடுகிறார். 80 விழுக்காட்டுச் சரிவு முழுவதும் அந்த இரண்டாவது பாதியில்தான் நிகழ்கிறது.

மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் இருவரும் 2019இல் லான்செட் சைக்கியாட்ரியில் எழுதிய கட்டுரை இந்த அடிப்படையில்தான், குறைப்பு மாதக்கணக்கில் நீள வேண்டும், வழக்கமான மிகக் குறைந்த மாத்திரை அளவுக்கும் வெகு கீழே போய்த்தான் நிறுத்த வேண்டும் என்று வாதிட்டது. இரண்டு முதல் நான்கு வாரக் குறைப்பு, திடீரென நிறுத்துவதைவிடப் பெரிய நன்மை தரவில்லை என்பதும் அவர்கள் சுட்டியதே. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஒவ்வொரு முறையும் அப்போது எடுக்கும் அளவில் ஒரு விகிதத்தைக் குறைக்கவும், அளவு சிறிதாகச் சிறிதாகப் படிகளையும் சிறிதாக்கவும் சொல்கிறது.

இதில் மறைந்திருக்கும் செலவுகள் பல. முதலாவது காலம்: நான்கு வாரத்தில் முடிந்ததாக நினைத்த ஒன்று எட்டு மாதம், ஓர் ஆண்டு என்று நீளலாம். இரண்டாவது, எந்தப் பக்கவிளைவுக்காக நிறுத்தினீர்களோ அது திரும்பலாம். பாலுறவு நாட்டக் குறைவு, எடை ஏற்றம், உணர்ச்சி மரத்துப்போதல் ஆகியவற்றால் நிறுத்தியவர்களுக்கு இது சிறிய விலை அல்ல. மூன்றாவது, சிறிய அளவுகளைப் பெறுவதில் உள்ள தொல்லை. சில மருந்துகள் திரவமாகக் கிடைக்கும். சில மாத்திரைகளைப் பிளக்கலாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்து அளவைக் குறைப்பது எளிது போலத் தோன்றும். ஆனால் அரை ஆயுள் குறைந்த மருந்துகளில் அது மருந்தின் இரத்த அளவை ஏற்றி இறக்கி, மருந்தை விடும் ஒவ்வொரு நாளும் ஒரு சிறு விலகலை உண்டாக்கும்.

எவ்வளவுக்குத் திரும்புவது என்பதை மருத்துவரிடமே விட வேண்டும்; முழு அளவுக்கே போக வேண்டிய கட்டாயம் எப்போதும் இல்லை. நிறுத்திச் சில வாரங்களே ஆனவர்களுக்கு இந்த வழி நன்றாக வேலை செய்கிறது. பல மாதம் கழிந்துவிட்டால் விளைவை முன்கூட்டிச் சொல்வது கடினம். அப்போது மிகச் சிறிய அளவில் தொடங்கிப் பார்ப்பதே கவனமான செயல். காத்திருப்பதற்கு முடிவு நாள் குறிக்க வேண்டும் என்று மேலே நான் வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்: முதல் வழியில் அளவுக்கு மீறித் தங்கினால் இரண்டாம் வழியின் கதவு பாதி மூடிக்கொள்கிறது.

## வழி மூன்று: நீண்ட நாள் தங்கும் மருந்துக்கு மாறி, அதிலிருந்து இறங்குவது

வென்லாஃபாக்ஸின், பராக்ஸெட்டின் போன்றவற்றை எவ்வளவு மெதுவாகக் குறைத்தும் தாங்க முடியாதவர்களுக்கு, ஃபுளுவாக்ஸெட்டினுக்கு மாற்றி அதன் வழியாக வெளியே வரச் செய்வது மருத்துவர்கள் கையாளும் ஓர் உத்தி. மெல்ல வெளியேறும் மருந்து என்பதால் அதுவே ஒரு சரிவுப்பாதையாக அமைந்துவிடுகிறது.

ஆனால் ஃபுளுவாக்ஸெட்டின் சிலருக்குப் படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். அசதிக்கு மருந்து தேடிப் போனவர் இரவெல்லாம் விழித்திருக்க நேரலாம். கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைக்கும் நொதியை இது தடுக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்ஸிஃபன் எடுப்பவர்களுக்கு இது பொருந்தாமல் போவது அதனால்தான். வென்லாஃபாக்ஸின் நார்எபிநெஃப்ரின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளிலும் செயல்படுவதால், செரட்டோனின் வழி மட்டும் செயல்படும் மருந்து அதன் விலகல் முழுவதையும் ஈடுகட்டாமலும் போகலாம். முதலிரண்டு வழிகளும் தோற்ற பிறகே இதற்கு வருவது பொருத்தம்.

## வழி நான்கு: வேறு காரணத்தைத் தேடுவது

மருந்தை நிறுத்திய பிறகு வருவதெல்லாம் மருந்தை நிறுத்தியதால் வருவதல்ல. தைராய்டு குறைபாடு, இரத்தச்சோகை, இரும்புச்சத்துக் குறைவு, பி12 குறைவு, நீரிழிவு ஆகிய ஐந்தும் அசதியின் பழைய சொந்தக்காரர்கள். எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுபவை. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டு எடுத்தவர்களுக்கு பி12 குறையக்கூடும். உரத்த குறட்டையும், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் அயர்வதும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயை நினைக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கான பீட்டா தடுப்பான், ஒவ்வாமைக்கான மாத்திரை முதலியவையும் அசதி தரும். கருத்தரித்திருக்க வாய்ப்பு உண்டா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

மருந்தை எடுத்துக்கொண்டிருந்தபோதே அசதி இருந்தவர்களுக்கும், மூச்சிரைப்பு, காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு ஆகியவற்றில் ஒன்று உள்ளவர்களுக்கும் இதுவே முதல் வழி. மற்றவர்களும் நான்கு வாரம் தாண்டிய அசதிக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொள்வதில் இழப்பு அதிகம் இல்லை. இழப்பு வேறு வடிவில் வரும்: எல்லைக்கோட்டில் சற்றே விலகிய ஓர் எண்ணைக் கண்டுபிடித்து, எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டு, மாதக்கணக்கில் சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டு, திரும்பிவரும் மனச்சோர்வைக் கவனிக்காமல் விடுவது. வைட்டமின் டி இந்த விளையாட்டில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது.

## வழி ஐந்து: மனச்சோர்வு திரும்பியதாக ஏற்றுக்கொண்டு சிகிச்சையைத் தொடங்குவது

இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ மருந்து எடுத்தவர்கள், அல்லது இருமுறையேனும் மனச்சோர்வு கண்டவர்கள், ஆனால் நன்றாக இருப்பதால் நிறுத்த விரும்புபவர்கள் 478 பேரைப் பிரிட்டனில் ஓர் ஆய்வு பின்தொடர்ந்தது. முடிவுகள் 2021இல் வெளியாயின. ஓராண்டில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கும், படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். நிறுத்தினால் ஆபத்து கூடுகிறது. நிறுத்தியவர்களிலும் ஐந்தில் இருவருக்கு மேல் நன்றாகவே இருந்தார்கள். தொடர்ந்தவர்களுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை.

அசதியோடு சேர்ந்து, பிடித்தவற்றிலும் நாட்டம் போய்விட்டது, விடியற்காலையில் விழித்துக் கொட்டக் கொட்டப் படுத்திருக்கிறீர்கள், பழைய குற்றவுணர்வுகள் கிளம்புகின்றன, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கின்றன என்றால் இந்த வழிதான் பொருந்தும். மருந்து ஒன்றே சிகிச்சை அல்ல. அடிக்கடி மனச்சோர்வு வந்தவர்களை வைத்து 2015இல் வெளியான ஆய்வில், மனக்கவனப் பயிற்சியோடு (மைண்ட்ஃபுல்னெஸ்) சேர்ந்த உளவியல் சிகிச்சை பெற்று மருந்தைக் குறைத்தவர்களில் 44 விழுக்காட்டினருக்கும், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47 விழுக்காட்டினருக்கும் இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பியது. பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பேச்சு சிகிச்சைக்கு உழைப்பு வேண்டும், வாராவாரம் போக வேண்டும். அசதி உச்சத்தில் இருப்பவருக்கு அதைத் தொடங்குவதே பெரும்பாடு.

இந்த வழியில் அவசரப்பட்டால் வரும் இழப்பை யாரும் கணக்கில் வைப்பதில்லை. விலகலால் வந்த அசதியை நோய் திரும்பியதாகத் தவறாக எடுத்துக்கொண்டால், வாழ்நாள் முழுக்க மருந்தில்லாமல் இருக்க முடியாது என்ற முடிவு ஒருவர்மேல் ஒட்டிக்கொள்கிறது. வேகமாக நிறுத்தியதுதான் தவறு என்ற உண்மை கோப்பில் ஏறுவதே இல்லை.

## தூக்கம், நடை, காபி

இவற்றைத் தனி வழியாக நான் எண்ணவில்லை. எந்த வழியை எடுத்தாலும் கூடவே வர வேண்டியவை. இந்த மருந்துகளில் பல கனவுத் தூக்கத்தை அடக்கி வைக்கின்றன. நிறுத்தியதும் அது பீறிட்டுத் திரும்புவதால்தான் இரவெல்லாம் கனவும் காலையில் அசதியும். மிர்டாசபின், அமிட்ரிப்டிலின் போன்றவை தூக்கத்தையே தந்துகொண்டிருந்தவை என்பதால், அவற்றை நிறுத்தியவருக்கு அசதியின் வேர் தூக்கமின்மையில் இருக்கலாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது, காலை வெளிச்சத்தில் கொஞ்சம் நடப்பது, நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் இருப்பது ஆகிய மூன்றும் பலன் தருபவை.

காபியில் உள்ள கஃபீனின் அரை ஆயுள் ஏறத்தாழ 5 மணி நேரம். மாலையில் குடித்தது நள்ளிரவிலும் பாதி இருக்கும், மறுநாள் அசதியாக வரும். மதுவும் இரவுத் தூக்கத்தைக் குலைக்கும். மூலிகைதானே என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டைத் தொடங்குவது ஆபத்து: மனச்சோர்வு மருந்து உடலில் இருக்கும்போது அது செரட்டோனினை அளவுக்கு மீறி ஏற்றிவிடலாம், கருத்தடை மாத்திரை உட்படப் பல மருந்துகளின் வலுவையும் குறைக்கும்.

## மருத்துவரிடம் போகும்போது

இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய வழிகளை எழுதிக்கொடுத்த மருத்துவரோடு சேர்ந்தே எடுக்க முடியும். சந்திப்பு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்: மருந்தின் பெயர், எத்தனை ஆண்டு எடுத்தீர்கள், எந்தத் தேதியில் எந்த அளவுக்குக் குறைத்தீர்கள், கடைசி மாத்திரை எடுத்த நாள், அசதி தொடங்கிய நாள், அன்றாட மதிப்பெண்கள், கூட எடுக்கும் மற்ற மருந்துகள். "இது விலகலா, நோய் திரும்புவதா, எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?" என்று நேராகவே கேளுங்கள். மறுபடி மருந்து தொடங்கச் சொன்னால், எந்த அளவில், எவ்வளவு காலம், அடுத்த முறை எப்படிக் குறைப்பது என்ற மூன்றையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.